கொழும்பு இந்தியாவில்தானே இருக்கிறது?

அன்புள்ள ஐயா,

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் மெர்ச்சன்டைசராக இருக்கிறேன். ஒன்பது வருடமாக அமெரிக்க பையர்களோடுதான் பிழைப்பு. போன மாதம் ஒரு ஷிப்மென்ட் தாமதமாகிவிட்டது. தூத்துக்குடியிலிருந்து போன கண்டெய்னர், கப்பல் மாறுவதற்காகக் கொழும்பில் காத்திருக்கிறது என்று விளக்கினேன். "உங்கள் நாட்டுக்குள்ளேயே எதற்கு இரண்டு துறைமுகம் மாற்றுகிறீர்கள்?" என்று கேட்டார் அந்தப் பக்கம் இருந்தவர். கொழும்பு வேறு நாடு என்றேன். "ஓ, அப்படியா!" என்று சிரித்துவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார். படித்தவர், நல்ல மனிதரும்கூட. நமக்கு அவர்களுடைய ஐம்பது மாநிலமும் அத்துபடி. உலகத்தையே ஆட்டி வைக்கிற நாட்டின் மக்களுக்கு உலகம் ஏன் இப்படித் தெரியாமல் இருக்கிறது? இது முட்டாள்தனமா, திமிரா?

க., திருப்பூர்

அன்புள்ள க.,

ஐம்பது மாநிலமும் அத்துபடி என்பதில் எனக்குக் கொஞ்சம் சந்தேகம் உண்டு. சரி, அதை விடுவோம்.

கேள்விக்கான பதில் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. அவர் சிரித்துவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போனார். அவரால் போக முடிந்தது. நீங்கள் கிழக்குக் கரையிலுள்ள சவானா துறைமுகத்துக்குப் போக வேண்டிய சரக்கை மேற்குக் கரையிலுள்ள சியாட்டிலுக்கு அனுப்பிவிட்டுச் சிரித்துப் பாருங்கள். ஏர் ஷிப்மென்ட் செலவு யார் தலையில் விழும், உங்கள் வேலை என்னவாகும் என்று உங்களுக்கே தெரியும். நவம்பர் மாதத்தின் நான்காவது வியாழக்கிழமை அவர்களுக்கு நன்றி அறிவிக்கும் நாள் என்பது திருப்பூரில் செக்கிங் டேபிளில் நிற்பவருக்கும் தெரிந்திருக்கும். அமெரிக்கப் பண்பாட்டின் மேல் உள்ள பிரியத்தால் தெரிந்துகொண்டதல்ல. அதற்கு முன்னால் சரக்கு கடைக்குப் போய்ச் சேர வேண்டும், அவ்வளவுதான்.

பண்ணையார் எப்போது எழுந்திருப்பார், எந்த மருமகளோடு பேச்சுவார்த்தை இல்லை, காபிக்கு எத்தனை சர்க்கரை என்பதெல்லாம் பண்ணையில் வேலை செய்பவருக்குத் தெரியும். அந்த வேலைக்காரருக்கு எத்தனை பிள்ளைகள் என்று பண்ணையாரைக் கேட்டால் விழிப்பார். இதில் யார் புத்திசாலி என்ற கேள்விக்கே இடமில்லை. தெரியாவிட்டால் யாருக்கு அடி விழும் என்பதுதான் விஷயம்.

அமெரிக்காவின் மொத்த உற்பத்தியில் ஏற்றுமதி பத்தில் ஒரு பங்கு அளவுதான். வாங்குவதும் விற்பதும் பெரும்பாலும் வீட்டுக்குள்ளேயே நடக்கின்றன. வீடும் சின்ன வீடல்ல. நியூயார்க்கிலிருந்து லாஸ் ஏஞ்சலஸுக்குக் காரில் போனால் சுமார் 4,500 கிலோமீட்டர். ஏறக்குறைய அதே தூரத்தை லிஸ்பனிலிருந்து கிளம்பி ஓட்டினால் மாஸ்கோ வந்துவிடும். நடுவில் எத்தனை நாடு, எத்தனை மொழி! அமெரிக்காவில் கடைசிவரை அதே டாலர், அதே ஆங்கிலம், அதே பர்கர். எல்லையைத் தொட்டுக்கொண்டிருப்பவை இரண்டே நாடுகள். மற்ற இரண்டு பக்கமும் கடல்.

அமெரிக்கர்களைக் கிண்டல் செய்கிறவர்கள் எத்தனை குறைவான பேரிடம் பாஸ்போர்ட் இருக்கிறது என்ற கணக்கை எடுத்து நீட்டுவார்கள். அது அவ்வளவு நியாயமில்லை. 2007 வரை கனடாவுக்கோ மெக்சிகோவுக்கோ விமானத்தில் போக அவர்களுக்குப் பாஸ்போர்ட்டே வேண்டாம். பிறப்புச் சான்றிதழும் ஓட்டுநர் உரிமமும் போதும். விதி மாறியபின் எடுக்க ஆரம்பித்தார்கள். இன்று சுமார் பாதிப் பேரிடம் இருக்கிறது. அப்புறம், சம்பளத்தோடு விடுமுறை கொடுத்தே ஆக வேண்டும் என்று அங்கே மத்திய அரசின் சட்டம் எதுவும் கிடையாது. வருடத்துக்குப் பத்து நாள் லீவு கிடைப்பவர் அதில் அம்மாவைப் பார்க்கப் போவாரா, ஆங்கோர்வாட் பார்க்கப் போவாரா?

பள்ளிக்கூடத்துக்கும் பங்கு உண்டு. நாடு முழுவதற்குமான ஒரே பாடத்திட்டம் என்று ஒன்று அங்கே இல்லை. சுமார் 13,000 பள்ளி மாவட்டங்கள், ஆளுக்கொரு வழி. டெக்சாஸ் பிள்ளைகள் டெக்சாஸின் வரலாற்றை நான்காம் வகுப்பில் ஒரு முறையும் ஏழாம் வகுப்பில் மறுபடியும் படிக்கிறார்கள். புவியியல் 'சமூகப் பாடம்' என்ற பெரிய கூடைக்குள் விழுந்து காணாமல் போனது. ஹார்வர்டே 1948இல் தன் புவியியல் துறையை மூடிவிட்டது. 2002இல் புஷ் கையெழுத்திட்ட கல்விச் சட்டம் வாசிப்பிலும் கணக்கிலும் தேர்வு வைத்துப் பள்ளிகளை எடைபோட்டதால், மற்ற பாடங்களுக்கு இருந்த நேரமும் சுருங்கியது. 2018இல் நடந்த தேசிய மதிப்பீட்டில் எட்டாம் வகுப்பு மாணவர்களில் 25 சதவீதம் பேர்தான் புவியியலில் தேர்ச்சி நிலையை எட்டினார்கள்.

ஆனால் எனக்கு இதைவிடப் பெரிய புதிர் வேறொன்று. உலகத்தின் எல்லா மூலையிலிருந்தும் வந்தவர்கள் கூடி வாழும் நாடு அது. அப்படிப்பட்ட நாட்டுக்கு உலகம் எப்படி மறந்து போகும்?

மறக்கச் சொன்னார்கள். முதல் உலகப் போருக்கு முன்னால் அங்கே உயர்நிலைப் பள்ளிகளில் அதிகம் பேர் படித்த வெளிநாட்டு மொழிகளில் ஒன்று ஜெர்மன். ஜெர்மன் தேவாலயங்கள், பள்ளிகள், செய்தித்தாள்கள் என்று ஊர் ஊராக இருந்தன. 1917இல் அமெரிக்கா போரில் இறங்கியதும் எல்லாம் தலைகீழானது. அயோவா மாநிலத்தின் ஆளுநர் வில்லியம் ஹார்டிங் 1918 மே மாதம் ஓர் ஆணை போட்டார். பள்ளியில், பொது இடத்தில், ரயிலில், தொலைபேசியில், ஏன், தேவாலயத்திலும்கூட ஆங்கிலம் மட்டும்தான். ஜெர்மன் மட்டுமல்ல, டேனிஷ், செக் எல்லாமே அதில் அடிபட்டன. தொலைபேசியில் ஜெர்மன் பேசியதற்காகக் கிராமத்துப் பெண்களுக்கு அபராதம் விதித்திருக்கிறார்கள். ஜெர்மானியர்களின் உணவான, புளிக்க வைத்த முட்டைக்கோஸுக்கு 'சுதந்திர முட்டைக்கோஸ்' என்று பெயர் சூட்டினார்கள். (இராக் போரின்போது பிரெஞ்சு ஃப்ரைஸை 'சுதந்திர ஃப்ரைஸ்' ஆக்கியது நினைவிருக்கலாம். பழக்கதோஷம்.)

நெப்ராஸ்காவில் ராபர்ட் மேயர் என்ற பள்ளி ஆசிரியர், 1920இல் பத்து வயதுப் பையன் ஒருவனுக்கு ஜெர்மன் வாசிக்கக் கற்றுக்கொடுத்தார். அந்த மாநிலத்தின் சட்டப்படி அது குற்றம். 25 டாலர் அபராதம். அவர் விடவில்லை, 1923இல் உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டம் செல்லாது என்றது. ஆனால் வழக்கில் ஜெயித்து என்ன பயன்? அதற்குள் பள்ளிகளில் ஜெர்மன் வகுப்புகள் ஏறக்குறைய காலியாகிவிட்டன. வீட்டில் பிள்ளைகளோடு ஜெர்மன் பேசுவதை நிறுத்தியவர்கள் மறுபடி ஆரம்பிக்கவில்லை. இன்றும் ஜெர்மன் வழி வந்தவர்கள் அங்கே மிகப் பெரிய கூட்டங்களில் ஒன்று. அவர்களில் பலருக்குத் தாத்தாவின் ஊர் எந்தப் பக்கம் என்று தெரியாது. நியூ ஜெர்சியில் வார இறுதித் தமிழ்ப் பள்ளி நடத்துகிறவர்கள் கேட்டு வைத்துக்கொள்ள வேண்டிய கதை.

ஆக, அமெரிக்காவுக்கு உலகம் தெரியாதா? இங்கேதான் உங்கள் கேள்வியைக் கொஞ்சம் திருத்த வேண்டியிருக்கிறது. 1957 அக்டோபரில் ரஷ்யா ஸ்புட்னிக்கை ஏவியது. அடுத்த வருடமே அமெரிக்கா ஒரு சட்டம் போட்டு, வெளிநாட்டு மொழிகளைக் கற்பிக்கப் பல்கலைக்கழகங்களுக்குப் பணத்தைக் கொட்டியது. தமிழுக்கும் அதில் பங்கு கிடைத்தது. பி.எல். 480 என்ற அமெரிக்க உணவு உதவித் திட்டத்தில் நமக்குக் கோதுமை விற்று, விலையை ரூபாயாக வாங்கிக்கொண்டார்கள் அல்லவா? அந்த ரூபாயில் ஒரு பகுதியைக் கொண்டு 1962 முதல் இங்கே அச்சான புத்தகங்களை வாங்கி அங்குள்ள நூலகங்களுக்கு அனுப்பினார்கள். விளம்பரப் பலகை எழுதிப் பிழைத்த கோட்டையூர் ரோஜா முத்தையா, ஆயுள் முழுக்கத் தேடித் தேடிப் பழைய தமிழ் நூல்களைச் சேர்த்தார். 1992இல் அவர் இறந்தபின் அந்தச் சேகரிப்பை விலை கொடுத்து வாங்கிச் சென்னையில் நூலகமாக நிலைக்க வைத்தது யார்? சிகாகோ பல்கலைக்கழகம். நாம் அல்ல.

பண்ணையாருக்குக் கணக்குப்பிள்ளை இருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். எல்லா விவரமும் அவருடைய நோட்டில் இருக்கும். திண்ணையில் உட்கார்ந்திருப்பவருக்கு அது வேண்டியதில்லை.

சிக்கல் என்னவென்றால், ஓட்டுப் போடுகிறவர் திண்ணையில் இருப்பவர்தான். ரஷ்யா கிரிமியாவைப் பிடித்த 2014இல், மூன்று அரசியல் ஆய்வாளர்கள் 2,066 அமெரிக்கர்களிடம் உலக வரைபடத்தைக் கொடுத்து உக்ரைனைக் காட்டச் சொன்னார்கள். ஆறில் ஒருவர்தான் சரியாகக் காட்டினார். ஆசியாவில் காட்டியவர் உண்டு, ஆப்பிரிக்காவில் காட்டியவர் உண்டு. நான் சிரிக்க முடியாமல் நின்றது அடுத்த தகவலில். உக்ரைன் இருக்கும் இடத்தைவிட்டு எவ்வளவு தள்ளிக் காட்டினார்களோ, அவ்வளவு அதிகமாக அங்கே படை அனுப்பச் சம்மதித்தார்கள். நீங்கள் கேட்ட திமிர் என்ற சொல்லை உங்கள் பையருக்கு நான் பயன்படுத்த மாட்டேன். இந்த இடத்தில் வேறு சொல் எனக்குக் கிடைக்கவில்லை.

சில வருடங்களுக்கு முன் ஓஹையோவில் உறவினர் வீட்டில் ஒரு மாதம் தங்கியிருந்தேன். பக்கத்து வீட்டுப் பெரியவருக்கு நான் இலங்கையா, இந்தியாவா, இரண்டும் ஒன்றா என்பதில் கடைசிவரை குழப்பம். ஒருநாள் மாலை பேச்சு எப்படியோ வியட்நாம் பக்கம் போனது. மேஜையிலிருந்த காகிதக் கைக்குட்டையை எடுத்துப் பேனாவால் ஒரு கடற்கரையை வரைந்தார். க்வீ ந்யோன் துறைமுகம். அங்கிருந்து மலைமேல் ஏறும் 19ஆம் எண் சாலை. ஆன் கே, அதற்கு மேலே மாங் யாங் கணவாய், கடைசியில் ப்ளேக்கு. எந்த வளைவில் சுடுவார்கள் என்று புள்ளி வைத்துக்கொண்டே போனார். பத்தொன்பது வயதில் அந்தச் சாலையில் ராணுவ லாரி ஓட்டியவர். பள்ளி முடிக்கும்வரை அப்படியொரு நாடு இருப்பதே தெரியாது என்றார்.

"உன் ஊர் இதற்கு எந்தப் பக்கம்?" என்று கேட்டார். மேற்கே என்றேன். காகிதத்தில் மேற்கே இடமில்லை. திருப்பிப் போட்டுவிட்டுப் பேனாவை என்னிடம் நீட்டினார்.