உதய்ப்பூரில் எங்கே சுற்றலாம்?

கேள்வி: குடும்பத்தோடு உதய்ப்பூர் போகிறோம். அரண்மனை தவிர வெளியே சுற்ற என்ன இருக்கிறது?
– ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: ஏரிகள் இருக்கின்றனவே அம்மா! அரண்மனையைக்கூட பிச்சோலா ஏரியின் எதிர்க்கரையில், அம்ப்ராய் படித்துறையில் உட்கார்ந்து மாலையில் பாருங்கள். மேற்கு வெயில் முழுக்க அந்தச் சுவர்களின் மேல்தான் விழும். படகில் ஜக்மந்திர் தீவுக்கும் போய்வரலாம். பின்னாளில் ஷாஜகானாகிய இளவரசர் குர்ரம், தந்தையை எதிர்த்த காலத்தில் அடைக்கலம் புகுந்த இடம் அது.

எனக்கு மிகப் பிடித்தது ஃபதே சாகர் கரையில் விடிகாலை நடை. பிள்ளைகளையும் எழுப்பிக் கூட்டிப்போங்கள். சஜ்ஜன்கட் மலைக்கோட்டை, மழைமேகங்களைப் பார்ப்பதற்கென்றே 1884இல் கட்டத் தொடங்கியது; ஊரும் ஏரிகளும் அங்கிருந்து ஒருசேரத் தெரியும். மே மாதம் மட்டும் வேண்டாம், வெயில் தாங்காது. மழை முடிந்த செப்டம்பர், அக்டோபரில் போங்கள்.