புல் மேயும் குரங்கு: கெலடா பற்றிய கேள்வி பதில்

எத்தியோப்பிய மலைநாட்டுக் கெலடா குரங்கைப் பற்றி அன்பர்கள் கேட்டவற்றுக்கான விடைகள் இவை.

கேள்வி: புல்லைத் தின்று வாழ, மாட்டைப் போல இதற்கும் நான்கு அறை வயிறு உண்டா ஐயா?

பதில்: இல்லை, ஒற்றை அறை வயிறுதான். அக்குறையை ஈடுசெய்பவை உயர்ந்த கடைவாய்ப் பற்கள். புல்லை நன்றாக அரைத்த பிறகே கெலடா விழுங்குகிறது. உணவில் 90 விழுக்காடு வரை புல்லாக இருந்தாலும், மழைக்காலத்தில் இளந்தாளைக் கொய்வதும், கதிர் பிடித்ததும் விதையைத் தேடுவதும், தரை காய்ந்தபின் மண்ணைக் கிளறிக் கிழங்கும் வேர்த்தண்டும் எடுப்பதுமாக அதன் மேய்ச்சல் பருவத்துக்கேற்ப மாறும். கட்டைவிரலும் குட்டையான ஆள்காட்டி விரலும் நுனியோடு நுனி பொருந்துவதால், தாள்களை ஒவ்வொன்றாகப் பறித்து, கைப்பிடி நிறைந்ததும் வாயிலிடும். நாற்றங்காலில் நாற்றுப் பறிக்கும் கைகளைப் பார்த்தவர்களுக்கு இந்த வேகம் எளிதில் விளங்கும்.

கேள்வி: மார்பில் சிவப்பாக இருப்பது காயமா?

பதில்: காயமன்று, மயிரற்ற தோல் திட்டு. குரங்கினங்கள் சிலவற்றில் பெண்ணின் இனச்சேர்க்கைப் பருவத்தைப் பின்புறத் தோலின் வீக்கம் காட்டும். பகலில் பெரும்பகுதியை உட்கார்ந்தே கழித்து, எழாமலே நகர்ந்து மேயும் விலங்குக்கு அங்கே அடையாளம் இருந்து பயனென்ன? ஆகவே அது மார்புக்கு இடம்பெயர்ந்தது என்று விளக்குவார்கள். எனக்கும் அதுவே பொருத்தமாகப் படுகிறது. அப்பருவத்தில் பெண்ணின் திட்டைச் சுற்றி மணி கோத்தாற்போலக் கொப்புளங்கள் எழும். ஆண்களில் குடும்பத் தலைவனின் திட்டே மிகச் சிவந்திருக்கும்.

கேள்வி: அப்படியானால் குடும்பத்தை ஆள்வது ஆண்தானா?

பதில்: தலைவன் ஓர் ஆண்தான்; ஆனால் தாயும் மகளும் உடன்பிறந்தவளுமாகப் பெண்கள் நிலைத்திருக்க, மாறிக்கொண்டே இருப்பவன் அவனே. புதியவன் வந்தால் முந்தியவனின் குட்டிகளைக் கொல்வதுண்டு. சிமியன் மலைகளில் நடந்து 2012இல் வெளியான ஓர் ஆய்வு, தலைவன் மாறிய குடும்பங்களில் கருவுற்றிருந்த பெண்களில் ஏறத்தாழ 80 விழுக்காட்டினருக்குக் கரு கலைந்ததைப் பதிவு செய்தது. பிறந்தாலும் பிழைக்காத குட்டிக்காகத் தாய் மாதக்கணக்கில் உடலை வருத்திக்கொள்ளாமல் இருக்க இது உதவுகிறது என்பது ஆய்வாளர்களின் கருத்து.

கேள்வி: ஓநாயோடு நட்பாமே?

பதில்: நட்பு என்பது மிகை. குவாசா புல்வெளியில் எத்தியோப்பிய ஓநாய், கெலடாக் குட்டிகளைத் தொடாமல் மந்தைக்குள் நடந்து எலி பிடிக்கிறது. தனித்து வேட்டையாடும்போது 25 விழுக்காடாக இருக்கும் அதன் வெற்றி, மந்தைக்குள் 67 விழுக்காடாகிறது. கெலடாக்களும் அதைக் கண்டு ஓடுவதில்லை. நாயைக் கண்டால் மட்டும் செங்குத்துப் பாறைக்கு விரைந்துவிடும். இரவில் உறங்குவதும் அப்பாறைகளின் விளிம்புகளில்தான்.