கொலையாளி யாரென்று தெரிந்த பிறகும்

கேள்வி: எனக்கு வயது 52. பள்ளி நாள்களிலிருந்தே துப்பறியும் கதைகள் என்றால் எனக்கு உயிர். இப்போது புதிதாக வாங்குவதைவிட, படித்ததையே திரும்பப் படிப்பதுதான் அதிகம். "கொலையாளி யாரென்றுதான் தெரியுமே, இன்னும் என்ன இருக்கிறது அதில்?" என்று கணவர் கேலி செய்கிறார். இலக்கியம் படிக்கும் மகளோ, "இதெல்லாம் வெறும் பொழுதுபோக்கு அம்மா, நல்லதாக ஏதாவது படியுங்கள்" என்கிறாள். இருவருக்கும் எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. நான் நேரத்தை வீணடிக்கிறேனா?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

கொலையாளியின் பெயர்தான் மொத்தச் சரக்கும் என்றால் உங்கள் கணவர் சொல்வது நியாயம். ஆனால் இந்த வகைக் கதையைத் தொடங்கிவைத்தவரே அப்படி நினைக்கவில்லை.

எட்கர் ஆலன் போ 1841-இல் ஓர் அமெரிக்கப் பத்திரிகையில் எழுதிய பாரிஸ் கொலைக் கதையைத்தான் நவீனத் துப்பறியும் கதையின் பிறப்பாகப் பெரும்பாலோர் கொள்கிறார்கள். அதே துப்பறிவாளர் டூபானை வைத்து அவர் 1844-இல் எழுதிய மூன்றாவது கதையை எடுத்துக்கொள்ளுங்கள். அரண்மனைப் பெண்மணி ஒருவரின் கடிதம் திருடுபோகிறது. எடுத்தவர் ஓர் அமைச்சர் என்பது ஆரம்பத்திலேயே தெரிந்துவிடுகிறது. கொலை இல்லை, 'யார்' என்ற கேள்வியும் இல்லை. கடிதம் எங்கே என்பதுதான் சிக்கல். போலீஸார் அவர் வீட்டை இரவிரவாக அலசுகிறார்கள். திண்டுகளை நீண்ட ஊசிகளால் குத்திப் பார்க்கிறார்கள், நாற்காலிச் சட்டங்களைக்கூட உருப்பெருக்கி வைத்துச் சோதிக்கிறார்கள். கடிதமோ அழுக்கேறிக் கசங்கி, ஏறக்குறைய இரண்டாகக் கிழிந்த நிலையில், வருகிறவர் போகிறவர் எல்லோர் கண்ணிலும் படும்படி சுவரோரம் தொங்கும் ஓர் அட்டைச் செருகியில் இருக்கிறது.

துப்பறியும் கதை எழுதுகிறவர் செய்வதும் அந்த அமைச்சரின் வேலைதான். மறைக்க வேண்டியதை நம் கண்ணெதிரே வைத்துவிட்டு, அது ஒரு பொருட்டே இல்லாததுபோல் காட்டுகிறார். முதல்முறை படிக்கும்போது நாம் ஊசியும் கையுமாக அலைகிறோம். எங்கே வைத்திருக்கிறார், எப்படி நம்மை ஏமாற்றினார் என்பதைப் பார்க்க இரண்டாம் வாசிப்புதான் வேண்டும்.

அகதா கிறிஸ்டி 1926-இல் வெளியிட்ட ரோஜர் அக்ராய்ட் கொலைக் கதையை நீங்கள் படித்திருப்பீர்கள். முடிவை இங்கே போட்டு உடைத்தால் மற்ற வாசகர்கள் என்னைச் சும்மா விட மாட்டார்கள், அதனால் சுற்றி வளைத்தே சொல்கிறேன். கொலை நடக்கும் இரவில், மணியைக் குறிப்பிடும் இரண்டு வாக்கியங்கள் அடுத்தடுத்து வருகின்றன. அவற்றுக்கு நடுவே பத்து நிமிடம் காணாமல் போகிறது. இரண்டு வாக்கியத்திலும் பொய் கிடையாது. முதல் வாசிப்பில் அந்த இடத்தில் யாரும் நிற்பதில்லை.

பொய் சொல்லாமல் ஏமாற்ற வேண்டும் என்பதில் அந்தக் காலத்து எழுத்தாளர்கள் விடாப்பிடியாக இருந்தார்கள். கத்தோலிக்கப் பாதிரியாரும் துப்பறியும் கதை எழுத்தாளருமான ரொனால்ட் நாக்ஸ் 1929-இல் பத்துக் கட்டளைகளே எழுதினார். துப்பறிவாளர் கண்டெடுத்த தடயத்தை வாசகரிடம் மறைக்கக் கூடாது. ரகசிய அறையோ சுரங்க வழியோ ஒன்றுக்கு மேல் கூடாது. (ஒன்றுக்கு மட்டும் அனுமதி கொடுத்தாரே, அந்தத் தாராளம் எனக்குப் பிடிக்கும்.)

கணவரிடம் இன்னொன்றும் சொல்லலாம். 2011-இல் கலிபோர்னியாவைச் சேர்ந்த இரண்டு உளவியல் ஆய்வாளர்கள் சிறுகதைகளின் முடிவைச் சிலருக்கு முன்னதாகவே சொல்லிவிட்டுப் படிக்கக் கொடுத்தார்கள். முடிவு தெரிந்தவர்களே கதைகளை ஓரளவு அதிகம் ரசித்தார்கள். அவற்றில் மர்மக் கதைகளும் இருந்தன. ஓர் ஆய்வை வைத்துக்கொண்டு குடும்பச் சண்டையில் இறங்க வேண்டாம், கையிருப்பாக இருக்கட்டும்.

இந்தக் கதைகள் நம்மைப் பிடித்துவைத்திருப்பது ஏமாற்று வித்தையால் மட்டுமல்ல என்பது என் எண்ணம். 1860-இல் இங்கிலாந்தில் ரோட் ஹில் ஹவுஸ் என்ற வசதியான வீட்டில் மூன்று வயதுச் சிறுவன் ஒருவன் கொல்லப்பட்டான். லண்டனிலிருந்து ஜொனாதன் விச்சர் என்ற துப்பறியும் அதிகாரி வந்தார். லண்டன் போலீஸில் அப்படியொரு பிரிவு தொடங்கியே 18 ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. வெளுக்கப் போட்ட துணிகளின் கணக்கைச் சரிபார்த்தபோது, வீட்டின் பதினாறு வயதுப் பெண்ணுடைய இரவு உடைகளில் ஒன்று குறைந்தது. அதைப் பிடித்துக்கொண்டு அவளைக் கைது செய்தார். கனவான் வீட்டுப் பெண்ணின் படுக்கை உடையைப் பற்றி ஒரு போலீஸ்காரர் பேசுவதா என்று பத்திரிகைகள் கொதித்தன. அவள் விடுவிக்கப்பட்டாள், விச்சரின் பெயர் கெட்டது. 1865-இல் அவளே வந்து குற்றத்தை ஒப்புக்கொண்டாள்.

மூன்று ஆண்டுகள் கழித்து வில்கி காலின்ஸ் எழுதிய 'மூன்ஸ்டோன்' நாவலிலும் காணாமல்போன ஓர் இரவு உடை வருகிறது, பெயின்ட் கறையோடு. அதில் ஒரு வைரம் திருடுபோனதும் முதலில் வேலைக்காரர்கள்மீதுதான் சந்தேகம் விழுகிறது; பிறகு வரும் சார்ஜென்ட் கஃப் எஜமானியின் மகளையே சந்தேகிக்கிறார். அந்தஸ்து, அழுகை, நல்ல பெயர் எதையும் கணக்கில் எடுக்காமல் ஒரு துணியையும் ஒரு கறையையும் மட்டும் பேச வைப்பது அந்தக் காலத்துக்குப் புதிது. வெளியுலகில் விச்சர்கள் தோற்றுப்போகிறார்கள். கதைக்குள்ளாவது தடயம் கடைசி வரை மதிக்கப்படுகிறது. அதைத் தேடித்தான் நீங்கள் திரும்பத் திரும்பப் போகிறீர்கள் என்று எனக்குத் தோன்றுகிறது.

இனி உங்கள் மகள். அவள் பக்கம் பெரிய ஆள்கள் இருக்கிறார்கள். விமர்சகர் எட்மண்ட் வில்சன் 1945-இல் இந்தக் கதைகளைத் தயவுதாட்சண்யம் இல்லாமல் சாடினார். இவற்றுக்கு அடிமை என்று 1948-இல் ஒப்புக்கொண்ட கவிஞர் ஆடன்கூட, படித்து முடித்ததும் கதை மறந்துவிடும், மறுபடி படிக்க ஆசை வராது என்றுதான் எழுதினார். அதாவது உங்கள் கணவர் கட்சி! மோசமான துப்பறியும் கதைகள் ஏராளம் என்பதும் உண்மை. இறந்தவரை ஒரு மனிதராகவே நினைக்காமல், புதிருக்கு ஒரு பிணம் வேண்டுமே என்று கொல்லும் கதைகளை நானும் பாதியில் மூடிவைக்கிறேன். ஆனால் மகளின் பாடத்தில் கவிஞர் டி. எஸ். எலியட் இருப்பார் அல்லவா? நவீன ஆங்கிலத் துப்பறியும் நாவல்களில் முதலாவதும் மிக நீளமானதும் மிகச் சிறந்ததும் 'மூன்ஸ்டோன்'தான் என்று எழுதியவர் அவர். வாதாட வேண்டாம், அந்த நாவலை அவள் கையில் கொடுங்கள். பதிலுக்கு அவள் தருவதை நீங்களும் படியுங்கள்.

அடுத்த முறை பழைய புத்தகத்தை எடுக்கும்போது ஒரு பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள். உண்மையான தடயம் வரும் வரியில் ஒரு கோடு, அதிலிருந்து நம் கவனத்தைத் திருப்ப ஆசிரியர் பக்கத்திலேயே என்ன வைத்தார் என்பதற்கு ஒரு கோடு. பெரும்பாலும் ஒரு சண்டையோ, நகைச்சுவையோ, யாராவது உள்ளே நுழைவதோ இருக்கும். நூலகப் புத்தகம் என்றால் மட்டும் தனித்தாளில் எழுதிக்கொள்ளுங்கள். அடுத்து எடுப்பவர் முதல்முறை படிப்பவராக இருக்கலாம்.