பூட்டிய விஎம்முக்கு எவ்வளவு ரேம் ஒதுக்குவது?

கேள்வி: வணக்கம் அண்ணே. பட்டர்வொர்த், புக்கிட் மெர்தாஜாம் பக்கம் ஆறு கிளினிக்குகளுக்கு நான் ஒருத்திதான் சர்வர் பார்க்கிறேன். 128 ஜிபி ரேம், ஏஎம்டியின் மூன்றாம் தலைமுறை எபிக் சிப், உபுண்டு 22.04, விஎம் (சர்வருக்குள் ஓடும் மெய்நிகர் கணினி) ஓட்ட கெர்னலில் உள்ள கேவிஎம். மொத்தம் 11 விஎம். ஒதுக்கியதையெல்லாம் கூட்டினால் 160 ஜிபி வரும். ஆனால் உண்மையில் 90-ஐத் தாண்டியதே இல்லை. மூன்று வருடமாக ஒழுங்காக ஓடியது. நோயாளிகளின் விவரம் இருப்பதால் எல்லா விஎம்முக்கும் எஸ்இவி மறையாக்கம், அதாவது விஎம்மின் ரேமைச் சிப்பே மறைத்துவைக்கும் வசதி, போடச் சொன்னார் முதலாளி. போட்டேன். எட்டாவது விஎம் எழும்பவே இல்லை. மருந்து இருப்புக் கணக்குக்கான பழைய உபுண்டு 16.04 விஎம் கறுப்புத் திரையோடு நிற்கிறது. ரேம் வாங்கச் சொல்வதா, மறையாக்கத்தை எடுத்துவிடுவதா?

பதில்: இரண்டும் வேண்டாம் தங்கச்சி. உங்கள் சர்வரில் பழுது எதுவும் இல்லை. 160-ஐ 128-க்குள் அடக்கி வைத்திருந்த ஏற்பாடு மறையாக்கம் போட்டதும் நின்றுபோனது, அவ்வளவுதான்.

சாதாரண விஎம்முக்கு 16 ஜிபி என்று எழுதினாலும், அது தொட்ட பக்கங்களுக்கு (ரேமின் சிறு துண்டுகள்) மட்டுமே ஹோஸ்ட், அதாவது விஎம்களைத் தாங்கும் சர்வர், ரேம் கொடுக்கும். இரண்டு விஎம்மில் ஒரே உள்ளடக்கமுள்ள பக்கம் இருந்தால் கெர்னலின் கேஎஸ்எம் வசதி ஒன்றாக்கிவிடும். பலூன் என்ற வசதி விஎம்மில் சும்மா கிடப்பதைத் திரும்ப வாங்கும். நெருக்கடியில் டிஸ்க்கிலுள்ள ஸ்வாப்புக்கும் தள்ளலாம். விஎம்முக்குள் ஹோஸ்ட் தாராளமாகக் கைவைக்க முடிந்ததால்தான் இத்தனையும் நடந்தது.

எஸ்இவியில் ஒவ்வொரு விஎம்முக்கும் தனிச் சாவி. அந்தச் சாவி சிப்பைவிட்டு வெளியே வராது. பக்கம் ரேமில் எந்த முகவரியில் இருக்கிறது என்பதும் மறையாக்கத்தில் கலந்திருக்கிறது. அதனால் ஒரே உள்ளடக்கம் இரண்டு இடத்தில் இரண்டு விதமாகத் தெரியும்; கேஎஸ்எம்முக்கு ஒன்றாக்க எதுவும் கிடைக்காது. ஹோஸ்ட் தன் இஷ்டத்துக்கு ஒரு பக்கத்தை வேறு முகவரிக்கு நகர்த்தினால் உள்ளே இருப்பது குப்பையாகிவிடும். ஆகவே எஸ்இவி, அதன் அடுத்த படியான எஸ்இவி-இஎஸ் இரண்டிலும் விஎம் எழும்போதே அதன் ரேம் முழுவதையும் நகராதபடி கெர்னல் ஆணி அடித்து வைத்துவிடுகிறது. 16 என்று எழுதினால் அந்த நொடியே 16 போய்விடும், பலூனும் உதவாது. ஏழு விஎம் எழுந்ததும் உங்கள் 128 தீர்ந்தது இப்படித்தான்.

இனி எதைப் பூட்டுவது, அதாவது மறையாக்குவது, என்று பாருங்கள். மலேசியாவின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் 2025 ஜூன் 1 முதல் தரவுக் கசிவை 72 மணி நேரத்துக்குள் ஆணையரிடம் தெரிவிக்க வேண்டியிருக்கிறது. முதலாளியின் கவலை நியாயமானது. ஆனால் நீங்கள் அனுப்பிய பட்டியலில் நோயாளி பெயர் இருப்பது மூன்றே விஎம்மில்: டேட்டாபேஸ் 32, பதிவேடு 16, லேப் ரிப்போர்ட் 8. மொத்தம் 56 ஜிபி. இதை முழுதாகச் செலவானதாகவே எழுதுங்கள். ஹோஸ்டுக்கு 8 ஒதுக்கினால் மிச்சம் 64. மற்ற எட்டு விஎம்களும் ஒதுக்கீட்டில் 104 ஜிபி காட்டினாலும், உங்கள் கணக்குப்படி உண்மையில் 50 அளவில்தான் ஓடுகின்றன. அவற்றைப் பூட்டாமல் பழையபடியே விடுங்கள். கேஎஸ்எம்மும் பலூனும் அங்கே வழக்கம்போல வேலை செய்யும். பூட்டியதும் பூட்டாததும் ஒரே ஹோஸ்டில் பக்கத்தில் பக்கத்தில் ஓடுவதில் எந்தத் தடையும் இல்லை.

16.04 விஎம்மை வற்புறுத்தாதீர்கள். அதன் 4.4 கெர்னலுக்கு எஸ்இவி என்றால் என்னவென்றே தெரியாது. கெஸ்ட், அதாவது விஎம்முக்குள் ஓடும் கெர்னலுக்கான ஆதரவு வந்தது 4.15-இல். பூட்டிய விஎம்மில், எந்தப் பக்கம் எங்கே என்று காட்டும் பக்க அட்டவணையை மறையாக்கம் செய்யப்பட்டதாகவே சிப் படிக்கும். பழைய கெர்னலோ அதை வெறுமனே எழுதிவைக்கும். முதல் சில கட்டளைகளிலேயே கதை முடிந்து, திரையில் ஒரு வரிகூட வராது. அதிலிருப்பது மருந்து இருப்புதானே, அப்படியே இருக்கட்டும்.

அந்த மூன்றுக்கும் எஸ்இவியோடு நிற்காமல் அதன் மேம்பட்ட வடிவமான எஸ்என்பி போடுங்கள் என்பது என் கருத்து. எஸ்இவி உள்ளடக்கத்தை மறைக்கும். ஹோஸ்ட் அதில் எழுதிக் கெடுப்பதைத் தடுக்காது. எஸ்என்பி தடுக்கும், உங்கள் சிப்பிலும் அது இருக்கிறது. ஹோஸ்டில் கெர்னல் 6.11-உம், விஎம்மை இயக்கும் நிரலான க்யூஎமு 9.1-உம் அல்லது அதற்கு மேலும் வேண்டும். உங்களிடம் இருக்கும் 5.15 கெர்னல் போதாது. எந்தப் பக்கம் யாருடையது என்று குறித்துவைக்கும் அட்டவணைக்கு 4 கேபி பக்கத்துக்கு 16 பைட் வீதம் 128 ஜிபிக்கு 512 எம்பி போகும். அதையும் ஹோஸ்ட் கணக்கில் எழுதுங்கள்.

எஸ்என்பியில் ரேம் வரும் வழியே வேறு. விஎம்மின் அந்தரங்கப் பக்கங்கள் 'கெஸ்ட் மெம்எஃப்டி' என்ற தனி இடத்திலிருந்து வரும், கெர்னல் 6.8-இல் சேர்ந்தது அது. டிஸ்க், நெட்வொர்க் போக்குவரத்துக்கு ஹோஸ்டோடு பகிரும் பக்கங்கள் பழைய இடத்திலிருந்தே வரும். ஆக ஒரே விஎம்முக்கு இரண்டு கிணறு. பலர் வழுக்குவது இங்கேதான். பழைய அமைப்புக் கோப்பில் ஹியூஜ்பேஜ் (பெரிய பக்கங்களை முன்பே ஒதுக்கும்) வரி இருந்தால், எஸ்இவியில் அது நல்லது. அதே வரியை எஸ்என்பிக்கு அப்படியே கொண்டுபோனால், பகிரும் பக்கத்துக்காக 32 ஜிபி ஹியூஜ்பேஜில் முன்கூட்டியே கட்டப்பட்டுக் கிடக்கும். அந்தரங்கப் பக்கத்துக்கு இன்னொரு 32 ஜிபி வேறிடத்திலிருந்து போகும். ஒரு டேட்டாபேஸ் 64 ஜிபி தின்னும். மூன்று கோப்பிலும் அந்த வரியை எடுத்துவிடுங்கள்.

விஎம்முக்குள்ளும் ஒரு செலவு உண்டு. ஹோஸ்டோடு பகிரும் தரவை நகலெடுத்து வைக்கும் பவுன்ஸ் பஃபருக்கு கெஸ்ட் கெர்னல் தன் ரேமில் 6 சதவீதத்தை எடுத்துக்கொள்ளும். உச்சம் 1 ஜிபி. லேப் விஎம்மின் 8-இல் சுமார் 490 எம்பி போகும். டேட்டாபேஸில் முழு 1 ஜிபி. ரிப்போர்ட் படங்கள் குவியும் நேரத்தில் எஸ்டபிள்யூஐஓடிஎல்பி (அந்த பஃபரின் பெயர்) நிறைந்தது என்று கெஸ்ட் பதிவில் வந்தால், ரேமைக் கூட்டாதீர்கள். அந்த பஃபரைக் கூட்டுங்கள்.

பழையது கெடாமல் இருக்குமா என்று பயம் வரும். கேவிஎம் எழுதியவர்கள் இதில் கவனமாக இருந்திருக்கிறார்கள். ரேம் பகுதியைப் பதிவு செய்யும் பழைய அழைப்பைத் தொடாமல், பக்கத்தில் புதிதாக ஒன்றைச் சேர்த்தார்கள். பூட்டாத எட்டு விஎம்களும் பழைய அழைப்பில் எழுந்தாலும் எந்த வித்தியாசமும் தெரியாது. உங்கள் பக்கம் செய்ய வேண்டியது, ஒவ்வொரு விஎம்மின் மெஷின் வகையையும் (விஎம்முக்கு க்யூஎமு காட்டும் கணினி மாதிரி) பதிப்பு எண்ணோடு எழுதி நிலைநிறுத்துவது. வெறும் 'க்யூ35' என்று விட்டால் க்யூஎமு மாறும்போது விஎம்மும் மாறும்.

மறையாக்கத்தில் இது எவ்வளவு முக்கியம் என்று ஜோர்ஜ்டவுனில் ஒரு அலுவலகத்தில் பட்டுத் தெரிந்துகொண்டேன். கெர்னலை மட்டும் மாற்றினோம். எஸ்இவி-இஎஸ் விஎம் எழுந்தது, டிஸ்க்கைத் திறக்கும் சாவி மட்டும் வரவில்லை. விஎம் தொடங்கும்போது அதில் ஏற்றியதற்குச் சிப் எடுக்கும் அளவீடு (கைரேகை மாதிரி) ஒத்துப்போனால்தான் சாவி வரும்; அது பழையதோடு ஒத்துப்போகவில்லை. டீபக்ஸ்வாப் என்ற வசதி புதுக் கெர்னலில் தானாகவே இயங்கியிருந்தது. அதன் நிலை அளவீட்டுக்குள் போய்விடுகிறது. இரவு பதினொன்றரைக்குத்தான் கண்டுபிடித்தோம். 2024-இல் கெர்னல்காரர்கள் அதை இயல்பாக அணைத்துவைத்தார்கள். பிறகு எந்த வசதி வேண்டும் என்று வெளிப்படையாகச் சொல்லும் புதுத் தொடக்கக் கட்டளையைத் தனியாகக் கொடுத்தார்கள். பழைய கட்டளை பழையபடியே நடந்துகொள்ளும். நீங்களும் கெர்னல், க்யூஎமு, விஎம்மைத் தொடங்கிவைக்கும் யூஇஎஃப்ஐ கோப்பு எதைத் தொட்டாலும், எதிர்பார்க்கும் அளவீட்டை முதலில் புதிதாகக் கணக்கிட்டுவிட்டுத்தான் விஎம்மை எழுப்ப வேண்டும்.

இணையத்தில் கிடைக்கும் மாதிரிக் கோப்பை ஒட்டும்போது சி-பிட் எண்ணை (பக்கம் மறையாக்கப்பட்டதா என்று குறிக்கும் பிட்டின் இடம்) பாருங்கள். முதல் இரண்டு தலைமுறை எபிக்கில் அது 47. உங்கள் சிப்பில் 51. மாறியிருந்தால் க்யூஎமு இரண்டு எண்ணையும் காட்டி மறுத்துவிடும்.

பூட்டிய விஎம்மை ஓடிக்கொண்டே இன்னொரு சர்வருக்கு மாற்றவோ, ரேமோடு ஸ்னாப்ஷாட் எடுக்கவோ இந்த அமைப்பில் முடியாது. ஹோஸ்ட் அப்டேட் என்றால் அந்த மூன்றையும் நிறுத்தியாக வேண்டும். டிஸ்க்கும் தானாகப் பூட்டிக்கொள்ளாது. கெஸ்டுக்குள் லக்ஸ் என்ற டிஸ்க் மறையாக்கத்தைத் தனியாகப் போடுங்கள்.

முதலில் 8 ஜிபி லேப் விஎம்மை மாற்றி ஒரு வாரம் ஓட்டுங்கள். அடுத்து பதிவேடு. டேட்டாபேஸைக் கடைசியாக, கிளினிக் மூடியிருக்கும் ஞாயிற்றுக்கிழமையில், டிஸ்க் நகல் எடுத்த பிறகு மாற்றுங்கள். திங்கள் காலை கூட்ட நேரத்தில் ஹோஸ்டில் மிச்சமிருக்கும் ரேமைப் பாருங்கள். 10 ஜிபிக்குக் கீழே போனால் பூட்டாத எட்டில் ஒன்றிரண்டின் ஒதுக்கீட்டைக் குறையுங்கள். அந்த எண்களை எனக்கு எழுதி அனுப்புங்கள், சேர்ந்து பார்ப்போம்.