பழைய வி8 செடானுக்குத் தனியாக ஒரு கியர்பாக்ஸ் ஆயில் கூலர் போடுவது அவசியமா, இல்லை காசுக்குப் பிடித்த கேடா?

கேள்வியில் காரின் பெயரும் இல்லை, ஊரும் இல்லை. வி8 (எட்டு சிலிண்டர் என்ஜின்), ஆட்டோமேட்டிக், வயது பத்துக்கு மேல், ரேடியேட்டருக்குள் கம்பெனியே வைத்த கூலர் இருக்கிறது, இன்னொன்று வேண்டுமா என்று மட்டும் கேட்டிருக்கிறீர்கள். இதை வைத்தே ஊகிக்கிறேன். நீங்கள் வளைகுடாவில் இருக்கிறீர்கள். கார் செகண்ட் ஹேண்ட். முழு விலையை வீட்டில் இன்னும் சொல்லவில்லை. தப்பென்றால் கமெண்டில் திட்டிக்கொள்ளலாம்.

இதே கேள்விக்கு ஏற்கனவே வந்த இரண்டு பதில்களைப் படித்துவிட்டுத்தான் எழுத உட்கார்ந்தேன். ஒருவர் "கம்பெனி இன்ஜினியருக்குத் தெரியாதது உமக்குத் தெரியுமா?" என்கிறார். இன்னொருவர் "ரேடியேட்டர் லைனைக் கழற்றி எறி, பெரிய கூலர் ஒன்று மாட்டு, ஜம்மென்று இருக்கும்" என்கிறார். முதலாமவரோடு எனக்குப் பெரிய சண்டை இல்லை. இரண்டாமவர் சொன்னபடியே யாரோ செய்துவைத்திருந்த காரைத்தான் நான் வாங்கினேன்.

முதலில் பதில்: போடலாம். வளைகுடா வெயிலில் வி8 ஆட்டோமேட்டிக் ஓட்டுகிறவர் போடுவது நல்லது என்றே சொல்வேன். ஆனால் ரேடியேட்டருக்குள் இருப்பதை எடுத்துவிட்டு அல்ல, அதற்குப் பின்னால் வரிசையாக. எந்த பிராண்ட் கூலர் என்பதைவிட ஹோஸ் எப்படி மாட்டப்பட்டிருக்கிறது என்பதுதான் கியர்பாக்ஸின் தலையெழுத்தை முடிவு செய்கிறது.

என்னுடையது லூமினா எஸ்எஸ், 6.0 லிட்டர் வி8. பெயர்ப்பலகையில் ஷெவர்லே என்று இருந்தாலும் அடியில் முழுக்க ஆஸ்திரேலியாவின் ஹோல்டன் கமடோர். இதே கார் அமெரிக்காவில் பான்டியாக் ஜி8 என்று விற்றது. ஹோல்டன் தன் எலிசபெத் ஆலையை 2017 அக்டோபரில் மூடிவிட்டதால் உதிரிபாகம் தேடுவதே தனி வேலை. கியர்பாக்ஸ் 6எல்80, ஆறு கியர். இதில் ஒரு விஷயம் பலருக்குத் தெரியாது: கியர்பாக்ஸை இயக்கும் கம்ப்யூட்டர் வெளியே எங்கோ இல்லை, உள்ளேயே ஆயிலில் முங்கிக் கிடக்கிறது. ஆயில் கொதித்தால் கிளட்ச் தட்டுகளும் சீல்களும் மட்டுமல்ல, அந்த எலெக்ட்ரானிக்ஸும் சேர்ந்து வேகும்.

வாங்கியபோது முன்பக்கம் ஒரு கூலர் ஏற்கனவே தொங்கிக்கொண்டிருந்தது. விற்றவர் அதைப் பெருமையாகக் காட்டினார், "ரேசிங் கூலர் சார்" என்று. நான் பம்பரைக் கழற்றிப் பார்த்த அன்று பெருமைக்கு ஒன்றும் இல்லை என்று தெரிந்தது. ரேடியேட்டர் முழுக்கத் துண்டிக்கப்பட்டு, ஆயில் நேராக அந்தச் சின்னக் கூலருக்குப் போய்த் திரும்பிக்கொண்டிருந்தது. கூலரைப் பிடித்துக்கொண்டிருந்தது பிராக்கெட் இல்லை, ரேடியேட்டருக்கு முன்னால் நிற்கும் ஏசி கண்டென்சரின் மெல்லிய தகடுகளுக்கு நடுவே குத்தி இழுத்த பிளாஸ்டிக் குச்சிகள். வண்டி அதிர அதிர அந்தக் குச்சிகள் கண்டென்சரை அறுத்து, கேஸ் கசிந்து, ஏசி நொண்டிக்கொண்டிருந்தது. ஹோஸ் என்று மாட்டியிருந்தது பெட்ரோல் ஹோஸ். பைப்பை ரம்பத்தால் நேராக வெட்டி, அந்த வழுக்கைக் குழாயில் ஹோஸைச் சொருகி, ஒரு திருகு கிளாம்ப் போட்டு முடித்திருந்தார்கள். அடித்தட்டு முழுக்கச் சிவப்பாக ஆயில் படலம். ஹோஸ் உருவிக்கொண்டால் கியர்பாக்ஸின் சொந்தப் பம்பே ஆயிலை ரோட்டில் கொட்டித் தீர்த்துவிடும். மணிக்கு 120-ல் போகும்போது அது நடந்தால், டேஷ்போர்டில் விளக்கு எரிவதற்குள் பாதிக் கதை முடிந்திருக்கும்.

யார் செய்த வேலை என்று விசாரித்தேன், தெரிந்தது, இங்கே எழுதப் போவதில்லை.

ஏன் ரேடியேட்டரை விலக்கினார்கள்? அதற்கு ஒரு காரணம் உண்டு, முட்டாள்தனமான காரணமும் அல்ல. ரேடியேட்டரின் பக்கத்துத் தொட்டிக்குள் இருக்கும் கூலர் பழசாகி உள்ளேயே ஓட்டை விழுந்தால் கூலன்ட்டும் கியர் ஆயிலும் கலந்துவிடும். தொட்டி மூடியைத் திறந்தால் ரோஸ்மில்க் மாதிரி இருக்கும். கூலன்ட்டில் உள்ள கிளைக்காலும் தண்ணீரும் கிளட்ச் தட்டுகளில் ஒட்டியிருக்கும் லைனிங்கை உரித்துவிடும். அதற்குப் பிறகு அந்தக் கியர்பாக்ஸுக்கு மறுபிறவிதான். இந்தப் பயத்தில்தான் பலர் ரேடியேட்டரை ஒதுக்கிவிடுகிறார்கள். பயம் நியாயம், வைத்தியம் தப்பு. பத்து வயது ரேடியேட்டர் மேல் நம்பிக்கை இல்லையென்றால் ரேடியேட்டரை மாற்றுங்கள். ஒரு கியர்பாக்ஸ் ஓவர்ஹாலுக்கு ஆகும் பணத்தில் அது ஒரு துளி.

ரேடியேட்டர் ஏன் வேண்டும் என்றால், ஆட்டோமேட்டிக்கில் சூடு பெரும்பாலும் என்ஜினையும் கியர்பாக்ஸையும் ஆயில் வழியாக இணைக்கும் டார்க் கன்வெர்ட்டரில் பிறக்கிறது. என்ஜின் பக்கத்து விசிறி ஒரு வேகத்திலும் கியர்பாக்ஸ் பக்கத்து விசிறி வேறு வேகத்திலும் சுற்ற, நடுவில் ஆயில் கடையப்படுகிறது. ஹைவேயில் லாக்-அப் கிளட்ச் பிடித்துக்கொண்டால் இரண்டும் ஒரே வேகம், சூடு அடங்கிவிடும். நின்று நின்று போகும் டிராஃபிக்கிலும் மலை ஏற்றத்திலும் லாக்-அப் விட்டு விட்டுத்தான் பிடிக்கும். டிராஃபிக்கில் வண்டி நிற்கிறது, முன்னால் காற்று இல்லை. வெறும் காற்றுக் கூலர் அங்கே கையைப் பிசையும். ரேடியேட்டர் தொட்டியில் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கிறது, ஃபேன் இழுத்துக்கொண்டே இருக்கிறது, காற்றைவிடத் தண்ணீருக்குச் சூட்டை வாங்கும் திறன் பல மடங்கு. ஆனால் அதற்கும் ஓர் எல்லை உண்டு: அந்தத் தொட்டியில் இருக்கும் தண்ணீரைவிட ஆயில் கீழே இறங்க முடியாது. மலை ஏறும்போது தண்ணீரே சூடாக இருக்கும். அந்த மிச்சச் சூட்டை எடுக்கத்தான் இரண்டாவது கூலர். கியர்பாக்ஸிலிருந்து வரும் சூடான லைன் முதலில் ரேடியேட்டர், பிறகு தனிக் கூலர், பிறகு திரும்பக் கியர்பாக்ஸ். இந்த வரிசை மாறக்கூடாது.

இதை நான் வாயால் மட்டும் சொல்லவில்லை. காரின் கம்ப்யூட்டர் தகவலைப் படிக்கும் ஓபிடி சாக்கெட்டில் ஒரு ப்ளூடூத் அடாப்டரைச் சொருகி, ஃபோனில் கியர் ஆயில் டெம்பரேச்சரைப் பார்த்துக்கொண்டேதான் எல்லா மாற்றமும் செய்தேன். மலைக்கு அல் ஐன் பக்கத்து ஜெபல் ஹஃபீத், கிட்டத்தட்ட 12 கிலோமீட்டர் விடாத வளைவும் ஏற்றமும். டிராஃபிக்குக்கு எங்கேயும் போக வேண்டாம், ஷார்ஜாவிலிருந்து துபாய் போகும் காலை நேரமே போதும்.

வாங்கிய நிலையில், அதாவது ரேடியேட்டர் விலக்கி வெறும் சின்னக் கூலர்: மலை உச்சியில் 121 டிகிரி, டிராஃபிக்கில் 108. அந்தக் கூலரைத் தூக்கி எறிந்து, புது ரேடியேட்டரில் கம்பெனி லைனை மறுபடி கோத்த பிறகு: மலையில் 112, டிராஃபிக்கில் 94. ஆமாம், "ரேசிங் கூலர்" போட்டதைவிடப் போடாமல் இருந்ததே மேல். அதன் பின்னால் ஒழுங்கான கூலரை வரிசையில் சேர்த்ததும்: மலையில் 98, டிராஃபிக்கில் 89. டிராஃபிக்கில் ஐந்து டிகிரிக்காக இவ்வளவு செலவா என்று கேட்பீர்கள். டிராஃபிக்குக்காக நான் போடவில்லை. 80 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு 11 டிகிரிக்கும் ஆயிலின் ஆயுள் பாதியாகும் என்பது கியர்பாக்ஸ் மெக்கானிக்குகளின் பழைய கணக்கு. இன்றைய சிந்தெடிக் ஆயில் அதைவிடத் தாங்கும், அந்தக் கணக்கை அப்படியே பிடித்துக்கொண்டு தொங்க வேண்டாம். ஆனால் 112-க்கும் 98-க்கும் உள்ள தூரம் எந்த ஆயிலுக்கும் பெரிய தூரம்தான்.

வேலையைச் செய்தவர் ஷார்ஜா இண்டஸ்ட்ரியல் ஏரியாவில் ஒரு திருச்சூர்க்காரர். கை சுத்தம். ஆனால் பைப் நுனியில் விளிம்பு உருட்டாமல் ஹோஸ் மாட்டப் பார்த்தார். "கிளாம்ப் மதி சாரே" என்றார், கிளாம்ப் போதும் என்று அர்த்தம். போதாது என்றேன். குழாய் நுனியில் ஒரு சின்ன வளையம் போல விளிம்பு புடைத்திருந்தால்தான் ஹோஸ் அதைத் தாண்டி உட்கார்ந்து, கிளாம்ப் அதற்குப் பின்னால் பிடிக்கும். அப்போதுதான் அழுத்தம் வந்தாலும் உருவாது. அவரிடம் அதற்கான கருவி இல்லை. பக்கத்து ஏசி கடை பதான்காரரிடம் இருந்தது. இரண்டு பேரும் உருதுவிலும் மலையாளத்திலும் என்னைப் பற்றி ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டே செய்து கொடுத்தார்கள். சிரித்தால் சிரிக்கட்டும்.

ஹோஸ் வாங்கும்போது மேலே எஸ்ஏஈ ஜே1532 என்று அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள், கியர் ஆயில் கூலருக்கென்றே உள்ள தரம் அது. கூலரில் அடுக்குத் தகடு வகை வாங்குங்கள். வளைந்து வளைந்து போகும் ஒற்றைக் குழாய் வகை மலிவு, ஆனால் அதே அளவில் அவ்வளவு வேலை செய்யாது. குழாய் வாய்கள் மேலேயோ பக்கவாட்டிலோ இருக்கும்படி வையுங்கள், கீழ்நோக்கி வைத்தால் உள்ளே காற்று தங்கிவிடும். கண்டென்சரைத் தொடாமல் ஒரு விரல் இடைவெளி விட்டு, பாடியில் பிராக்கெட் அடித்து மாட்டுங்கள். கண்டென்சருக்கு முன்னால் எதை வைத்தாலும் ஏசிக்குக் கொஞ்சம் குறையும், அதனால் எதிரில் முழு அகலத்துக்கும் ஒரு பலகையைக் கட்டிவிடாதீர்கள். ஏற்கனவே ஒரு கியர்பாக்ஸ் உடைந்து மாற்றிய காராக இருந்தால் பழைய கூலரைக் கழுவி மறுபடி உபயோகிக்க வேண்டாம். உள்ளே சிக்கிய இரும்புத் தூள் புதுக் கியர்பாக்ஸுக்குப் போய்ச் சேரும்.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் போக மனசு வரவில்லை. எங்கள் கட்டடத்துக்குப் பின்னால் ஒரு கச்சா பார்க்கிங் இருந்தது. மண் தரை, கோடு கிடையாது, காசும் கிடையாது. இப்போது வேலி போட்டுவிட்டார்கள். வேலையிலிருந்து களைத்து வந்து தெருத் தெருவாக வட்டமடிக்கிறேன். ஒரு வீட்டில் இரண்டு கார் வைத்திருக்கும் புண்ணியவான் ஒருவர் தன் இடத்தில் ஆரஞ்சுக் கூம்பு வைத்துவிட்டுப் போகிறார், தெரு அவர் தாத்தா சொத்து மாதிரி. ஆயிலை 89-ல் நிறுத்த நான் பட்ட பாடெல்லாம் இந்த அரை மணி நேர ஊர்வலத்தில் 93, 94 என்று ஏறுகிறது. இதற்கு எந்தக் கடையிலும் கூலர் விற்கவில்லை. ஊரிலிருந்து பேசும் மாமா வேறு வாராவாரம் "மைலேஜ் எவ்வளவு குடுக்கு?" என்று கேட்கிறார். குடுக்கவில்லை மாமா, வாங்கிக்கொண்டுதான் இருக்கிறது.

சரி. "கம்பெனி இன்ஜினியர் முட்டாளா?" என்பவர்களுக்கு: இல்லை. அவர் எல்லா நாட்டுக்கும், எல்லா ஓட்டுநருக்கும், ஒரு விலைக்குள் ஒரு காரை வடிவமைக்கிறார். ஆகஸ்ட் மாதம் மலையேறும் என் ஆசைக்கு அவர் பொறுப்பில்லை. நான் மலையே ஏறாதவனாக இருந்தால் புது ரேடியேட்டரோடு நிறுத்தியிருப்பேன். நீங்களும் அப்படித்தான் என்றால் கூலர் வேண்டாம், அந்தப் பணத்தில் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றுங்கள். "ஆயுட்கால ஆயில், மாற்றவே வேண்டாம்" என்று சொல்பவர்கள் யாருடைய ஆயுள் என்று சொல்வதில்லை.

கனடாவிலோ லண்டனிலோ இருந்தால் கதை வேறு. அங்கே குளிர்காலத்தில் ஆயில் சூடாவதே பெரும்பாடு, அதிகம் குளிர்ந்தாலும் கெட்டியாகி கியர் இழுக்கும். ஆயில் 80 டிகிரியைத் தாண்டினால்தான் கூலருக்குத் திறந்துவிடும் தெர்மோஸ்டாட் ஒன்றைச் சேர்த்துப் போடுங்கள். இந்தியாவில் 2017-ல் வந்த ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ் போன்ற டிஎஸ்ஜி வண்டி என்றால் நான் எழுதிய எதுவும் உங்களுக்கு நேராகப் பொருந்தாது. அது ஆயிலில் முங்கிய இரட்டைக் கிளட்ச், அதன் கூலர் கியர்பாக்ஸின் மேலேயே உட்கார்ந்திருக்கும். உலர்ந்த கிளட்ச் உள்ள ஏழு கியர் டிஎஸ்ஜிக்கு ஆயில் கூலர் போட்டுப் புண்ணியமே இல்லை, அதன் கிளட்ச் ஆயிலைத் தொடுவதே கிடையாது.

கடைசியாக, ஆயில் அளவு. புதுக் கூலரும் ஹோஸும் கொஞ்சம் ஆயிலைத் தமக்குள் வைத்துக்கொள்ளும், அதை ஊற்றிச் சரிக்கட்டாமல் ஓட்டாதீர்கள். என் 6எல்80-க்கு டிப்ஸ்டிக் கிடையாது. என்ஜின் ஓடும்போது அடியில் உள்ள ஒரு போல்ட்டைத் திறந்து, ஆயில் மெல்ல வழிகிறதா என்று பார்க்க வேண்டும், அதுவும் ஆயில் 30-லிருந்து 50 டிகிரிக்குள் இருக்கும்போது. ஜூலை மாத ஷார்ஜாவில் நிழலில் நிற்கும் வண்டியே நாற்பதைத் தாண்டியிருக்கும். அதனால் விடியற்காலை, வண்டி இரவு முழுக்க நின்ற பிறகு, ஸ்டார்ட் செய்த சில நிமிடத்துக்குள் பார்த்துவிட வேண்டும். மதியம் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லும் மெக்கானிக்கிடம் வண்டியை விடாதீர்கள்.

கார் எது, எந்த வருடம் என்று கமெண்டில் எழுதுங்கள், கூடவே மலையிலும் டிராஃபிக்கிலும் ஆயில் டெம்பரேச்சர் எவ்வளவு என்றும். எண் இல்லாமல் "கூலர் போடலாமா ப்ரோ" என்று கேட்டால் பதில் வராது.