மளிகை வந்துவிட்டது, பிடித்து வைத்த 62 பவுண்டு திரும்பவில்லை. என்ன செய்வது?

கேட்டவர் இங்கிலாந்துக்குப் படிக்க வந்த மாணவர். ஒரு சூப்பர் மார்க்கெட்டின் ஆப்பில் மளிகை ஆர்டர் செய்திருக்கிறார். அன்றே டெபிட் கார்டில் 62 பவுண்டு குறைந்துவிட்டது. பொருள் வந்த மறுநாள் 58.40 பவுண்டு தனியாகப் போயிருக்கிறது. இரண்டு முறை எடுத்துவிட்டார்களா என்று வங்கியில் கேட்டால் கடையைக் கேட்கச் சொல்கிறார்கள், கடையில் கேட்டால் வங்கியைக் கேட்கச் சொல்கிறார்கள். மாதக் கடைசி வரை கையில் இருப்பது கொஞ்சம்தான் என்றும் எழுதியிருக்கிறார்.

இரண்டு முறை எடுக்கவில்லை. உண்மையில் போனது 58.40 மட்டும்தான். அந்த 62 இன்னும் உங்கள் கணக்கில் உங்கள் பணமாகவே இருக்கிறது, ஆனால் நீங்கள் தொட முடியாதபடி பூட்டு போட்டிருக்கிறார்கள். ஆப்பில் அந்த வரிக்குப் பக்கத்தில் 'பெண்டிங்' என்று இருக்கிறதா பாருங்கள். மாதாந்திர ஸ்டேட்மென்ட்டை எடுத்துப் பார்த்தால் அதில் 62 இருக்காது, 58.40 மட்டும் இருக்கும்.

இதைச் சொல்லி ஆறுதல்படுத்துவது எளிது. ஆனால் கணக்கில் குறைவாகப் பணம் வைத்திருப்பவருக்கு, பூட்டிய பணமும் போன பணமும் ஒன்றுதான். இதை நான் அனுபவித்தே தெரிந்துகொண்டேன்.

2020 ஏப்ரல். இங்கே ஊரடங்கு தொடங்கி இரண்டு மூன்று வாரம் ஆகியிருந்தது. நான் ஏழு மாத கர்ப்பிணி, கணவருக்கு வேலை நின்றிருந்தது. டெலிவரி ஸ்லாட் கிடைப்பதே பெரும்பாடு. நள்ளிரவு வரை விழித்திருந்து, இரண்டு வாரம் தள்ளி ஒரு ஸ்லாட் பிடித்தேன். 84 பவுண்டுக்கு ஆர்டர் போட்டேன். இரண்டு நாள் கழித்து உளுந்து நினைவுக்கு வந்தது, சேர்த்தேன், 91 ஆனது. டெலிவரிக்கு முந்தின நாள் பாலும் ஆட்டா மாவும் கூட்டினேன், 97. என் மனதில் அது ஒரே ஆர்டர். கடையின் கணினிக்கோ ஒவ்வொரு முறை மாற்றிச் சேமிப்பதும் புது ஆர்டர் மாதிரி. 84, 91, 97 என்று மூன்று முறை என் கார்டில் பணத்தைப் பிடித்துவிட்டது, பழையதை விடுவிக்கவில்லை. கணக்கில் இருந்த 310 பவுண்டில் 272 பூட்டப்பட்டு, மிச்சம் 38.

மறுநாள் காலை கவுன்சில் டாக்ஸ் (உள்ளாட்சிக்குக் கட்டும் வீட்டு வரி) டைரக்ட் டெபிட், அதாவது கணக்கிலிருந்து தானாகப் போகும் தவணை, 126 பவுண்டு பணமில்லை என்று திரும்பிவிட்டது. இங்கே ஒரு தவணை தவறினால் கவுன்சிலிலிருந்து நினைவூட்டல் கடிதம் வரும், 7 நாளுக்குள் கட்டச் சொல்லி. கட்டாவிட்டால் அந்த ஆண்டுக்கு மிச்சமிருக்கும் முழுத் தொகையையும் ஒரேயடியாகக் கேட்க அவர்களுக்கு உரிமை உண்டு. பணம் என் கணக்கில்தான் இருக்கிறது, ஆனாலும் கடன்காரி மாதிரி கடிதம் வாங்கப் போகிறேன் என்று நினைத்து அன்று அழுதுவிட்டேன்.

கடைக்கு அழைத்தால், "நாங்கள் இன்னும் எதுவுமே எடுக்கவில்லை" என்றார்கள். அவர்கள் கோணத்தில் அது உண்மைதான். வங்கிக்கு அழைத்தால், "கடைதான் விடுவிக்க வேண்டும்" என்றார்கள். மூன்றாவது முறை அழைத்தபோது வங்கியில் ஒரு பெண் பொறுமையாக விளக்கினார். ஒவ்வொரு பூட்டுக்கும் தனித்தனியாக ஒரு ஆத்தரைசேஷன் கோடு (வங்கி தந்த அனுமதியின் எண்) இருக்கிறது என்று சொல்லி மூன்றையும் படித்துக்காட்டினார். "கடையிடம் பணத்தைத் திருப்பிக் கேட்காதீர்கள், ரீஃபண்ட் என்று சொன்னாலே நாங்கள் எடுக்கவில்லை என்று முடித்துவிடுவார்கள். பழைய இரண்டு பூட்டின் கோடுக்கும் ரிவர்சல், அதாவது பூட்டை விடுவிக்கும் உத்தரவு, அனுப்பச் சொல்லுங்கள்" என்றார். அப்படியே கேட்டேன். மறுநாள் 84ம் 91ம் திரும்ப வந்தன. அந்த ஒரு சொல் முதல் நாளே தெரிந்திருந்தால் இரண்டு நாள் தூக்கம் போயிருக்காது. அதற்காகத்தான் இந்தப் பதிலை இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

சரி, ஏன் இப்படிப் பிடிக்கிறார்கள்? மளிகையில் கடைசித் தொகை ஆர்டர் போடும்போது தெரியாது. கறிக்கடையில் ஒரு கிலோ கேட்டால் தராசில் 1,050 கிராம் நிற்குமே, அதுபோல மீனும் காயும் எடைக்கு எடை மாறும். ஒரு பொருள் தீர்ந்திருக்கும், அதற்குப் பதில் வேறு வரும். (எனக்கு ஆட்டா மாவு வரவே இல்லை. அந்த மாதங்களில் இங்கே கடைகளில் மாவு கிடைப்பதே அரிது.) அதனால் முதலில் உத்தேசத் தொகைக்கு வங்கியிடம் அனுமதி வாங்கி நிறுத்தி வைக்கிறார்கள், பொருளைக் கட்டி அனுப்பிய பிறகு சரியான தொகையை எடுக்கிறார்கள். இந்த இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்தினால் பூட்டு தானாக விழுந்துவிடும். உங்களுக்கு நடந்தது போல 62க்குப் பூட்டி 58.40 எடுக்கும்போது, சில சமயம் வங்கியின் கணினி இரண்டையும் ஒரே வியாபாரமாக அடையாளம் காணாது. அப்போது இரண்டும் சில நாள் சேர்ந்தே நிற்கும். யாரும் கை வைக்காவிட்டாலும் பூட்டுக்கு ஒரு காலாவதி உண்டு. பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள் விழும், கார்டையும் வங்கியையும் பொறுத்து அதற்கு மேலும் இழுக்கலாம்.

என் சிக்கலுக்கும் உங்கள் சிக்கலுக்கும் ஒரு வித்தியாசம் இருக்கிறது, அது உங்களுக்குச் சாதகமானது. என்னுடையவை அனாதைப் பூட்டுகள். அவற்றுக்கு எதிராகக் கடை எந்தத் தொகையும் எடுக்கப்போவதில்லை, அதனால் கடைதான் விடுவித்தாக வேண்டியிருந்தது. உங்கள் விஷயத்தில் கடைசித் தொகை வங்கிக்கு வந்துவிட்டது. இங்கே 2017ஆம் ஆண்டின் பணப் பரிமாற்றச் சேவை விதிமுறைகளில் 78ஆம் விதி இதற்காகவே இருக்கிறது. தொகை முன்கூட்டியே தெரியாத கார்டு வியாபாரத்தில், நீங்கள் ஒப்புக்கொண்ட தொகையை மட்டுமே வங்கி நிறுத்தி வைக்கலாம். சரியான தொகை தெரிந்ததும் தாமதமில்லாமல் அதை விடுவிக்க வேண்டும். ஆகவே கடையைக் கேள் என்று வங்கி உங்களைத் திருப்பி அனுப்புவது சரியல்ல.

இன்றே வங்கியின் ஆப்பில் சாட் வழியாக எழுதுங்கள், போனில் பேசினால் ஆதாரம் நிற்காது. கடையின் கடைசி பில்லை இணைத்து, 58.40 எடுக்கப்பட்டுவிட்டது, அதே ஆர்டருக்கான 62 பவுண்டு ஆத்தரைசேஷனை 78ஆம் விதிப்படி விடுவியுங்கள் என்று இரண்டே வரி போதும். மறுத்தால், இதைப் புகாராகப் பதிவு செய்யுங்கள் என்று அதே சாட்டில் கேளுங்கள். பணப் பரிமாற்றப் புகாருக்கு வங்கி பொதுவாக 15 வேலை நாளுக்குள் பதில் தர வேண்டும். பதில் திருப்தியாக இல்லையென்றால் வங்கிகள் மீதான புகார்களைத் தீர்த்துவைக்கும் ஃபைனான்ஷியல் ஆம்புட்ஸ்மன் சர்வீஸ் இருக்கிறது, கட்டணம் கிடையாது. வங்கியின் இறுதிக் கடிதம் வந்த 6 மாதத்துக்குள் போக வேண்டும். 62 பவுண்டுக்கு அங்கே வரை போக வேண்டியிருக்காது என்றுதான் நினைக்கிறேன். ஆனால் இந்தப் பூட்டு காரணமாக உங்கள் வாடகையோ வேறு கட்டணமோ திரும்பி, அதனால் செலவு வந்திருந்தால் அதையும் சேர்த்துக் கேளுங்கள், கூச்சப்படாதீர்கள்.

இந்தியாவில் பழகிய கண்ணுக்கு இது குழப்பமாகத்தான் இருக்கும். அங்கே ஆன்லைனில் கட்டினால் பெரும்பாலும் பணம் அப்போதே போய்விடும், பொருள் இல்லையென்றால் ரீஃபண்ட் வரும். கணக்கில் கழிந்தும் கடைக்கு உறுதி போய்ச் சேராவிட்டால், வியாபாரம் நடந்த நாளுக்கு அடுத்த 5 நாளுக்குள் தானாகத் திரும்ப வேண்டும், தாண்டினால் நாளுக்கு 100 ரூபாய் என்று ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பரில் விதித்தது. அது இந்தியாவுக்குள் நடக்கும் வியாபாரத்துக்கு மட்டும். இந்திய வங்கியின் ஃபாரெக்ஸ் கார்டை (வெளிநாட்டுப் பணம் முன்கூட்டியே ஏற்றிய கார்டு) இங்கே தட்டினால் அந்த விதி துணைக்கு வராது. ஊரிலிருந்து கொண்டுவந்த ஃபாரெக்ஸ் கார்டில் மளிகை ஆர்டர் செய்யாதீர்கள் என்று புதிதாக வரும் பிள்ளைகளிடம் நான் கெஞ்சியே கேட்பேன். அதில் பூட்டு விழுந்தால் வங்கியோடு பேசுவதற்கே இந்திய நேரம் பார்த்துக் காத்திருக்க வேண்டும், அதற்குள் கையில் இருப்பது தீர்ந்துவிடும்.

நான் இப்போது செய்வது இது. கூடையில் எதையாவது போட்டு ஸ்லாட்டைப் பிடித்துவைப்பேன். சேர்க்க வேண்டியதை எல்லாம் வீட்டுச் சுவரில் ஒரு தாளில் எழுதிக்கொண்டே வந்து, திருத்தும் நேரம் முடிவதற்கு முன் ஒரே ஒரு முறை மாற்றுவேன். ஆர்டரை ரத்து செய்துவிட்டு உடனே மறுபடி போடுவதில்லை, அது இரட்டைப் பூட்டில் முடியலாம். வாடகையும் கவுன்சில் டாக்ஸும் போகும் கணக்கு வேறு, மளிகைக் கார்டின் கணக்கு வேறு. இரண்டாவது கணக்கு திறக்க இங்கே பல வங்கிகளில் ஆப்பிலேயே சில நிமிடம்தான் ஆகும். இதில் எனக்கு அதிகம் கைகொடுத்தது இந்தப் பிரிப்புதான்.

அப்புறம் இன்னொன்று. டைரக்ட் டெபிட் திரும்பிவிட்டது என்று காலையில் செய்தி வந்தால், அன்று மதியத்துக்குள் பணம் போட முடியுமா என்று பாருங்கள். பல வங்கிகள் அதே நாளில் இன்னொரு முறை முயன்று பார்க்கும். எத்தனை மணிக்குள் என்பது அந்தச் செய்தியிலேயே இருக்கும். எனக்கு அன்று இது தெரியாது. நண்பரிடம் 100 பவுண்டு கடன் கேட்டிருந்தால் கூட கவுன்சில் கடிதம் வந்திருக்காது.

வங்கி என்ன பதில் சொன்னது என்று கீழே எழுதுங்கள். கடையைக் கேள் என்றே மறுபடியும் சொன்னால், புகார்க் கடிதத்தை எழுத நான் உதவுகிறேன்.