மேட்டுக்கு ஒரு கணக்கு, பள்ளத்துக்கு ஒரு கணக்கு

கேள்வி: ஐயா, உடுமலைப்பேட்டை பக்கம் ஐந்து ஏக்கர் தென்னை வைத்திருக்கிறேன். தெற்கே மேடு, செம்மண் சரளை. வடக்கே பள்ளம், கரிசல். சொட்டுநீர் போட்டும் மேட்டு மரங்கள் வாடுகின்றன, பள்ளம் சதசதவென்று கிடக்கிறது. அமெரிக்காவில் இடத்துக்குத் தக்கபடி தண்ணீரைக் கூட்டிக் குறைக்கும் இயந்திரத்தை யூடியூபில் பார்த்தேன். நமக்கு ஆகுமா?

பதில்: இயந்திரம் ஆகாது. அது செய்யும் வேலையை உங்கள் தோப்பிலேயே செய்யலாம்.

நீங்கள் பார்த்தது சென்டர் பிவட். ஃபிராங்க் சைபாக் என்ற அமெரிக்க விவசாயி 1952-இல் காப்புரிமை வாங்கியது. சுமார் 400 மீட்டர் குழாய், சக்கரக் கால்களில் நின்று வட்டமடிக்கும்; ஒரு சுற்றில் 125 ஏக்கர் நனையும். நெப்ராஸ்கா மக்காச்சோளத்துக்குச் சரி. உங்கள் தோப்பில் முதல் மரத்திலேயே இடித்து நின்றுவிடும்! அதில் அளவை மாற்ற இரண்டு வழி: இயந்திரத்தின் ஓட்டத்தை மெதுவாக்குவது, அல்லது தெளிப்பான்களுக்கு சோலனாய்டு வால்வு (மின்சாரத்தில் திறந்து மூடுவது) வைத்து, ஜிபிஎஸ் காட்டும் இடத்துக்கேற்ப விட்டுவிட்டுத் திறப்பது. 2000-ஆம் ஆண்டை ஒட்டி ஜார்ஜியா பல்கலைக்கழகத்தார் இதில் நிறைய வேலை செய்தார்கள். எந்த வழியானாலும் முதலில் வேண்டியது மண் வரைபடம். நம் ஊரில் அதைத்தான் யாரும் கேட்பதில்லை. குழாய் போட வருகிறவர் மோட்டாரின் குதிரைத்திறனைப் பார்த்து வால்வு பிரிப்பார், மண்வெட்டியைத் தொடமாட்டார்.

முதலில் மேட்டில் கடைசிச் சொட்டானுக்கு அடியில் ஒரு பாத்திரம் வைத்து, ஒரு மணி நேரத்தில் எவ்வளவு விழுகிறது என்று அளந்து பாருங்கள். 8 லிட்டர் சொட்டானில் 5 லிட்டர்தான் விழுகிறதென்றால் குற்றம் மண்ணில் இல்லை. ஃபில்டரைக் கழுவுங்கள், அழுத்தம் பாருங்கள்.

அளவு சரியென்றால் அப்புறம் மண்வெட்டியோடு நடங்கள். முழங்கால் ஆழம் தோண்டித் தோண்டி, சரளை எங்கே முடிகிறது என்று முளைக்குச்சி அடியுங்கள். அந்தக் கோட்டில் சப்மெயினை (சொட்டுநீர்க் குழாய்களுக்குத் தண்ணீர் பிரித்துத் தரும் கிளைக் குழாய்) வெட்டி மேட்டுக்குத் தனி வால்வு, பள்ளத்துக்குத் தனி வால்வு.

கோடையில் மரத்துக்கு நாளுக்கு 65 லிட்டர் என்று வைத்துக்கொள்வோம். நான்கு 8 லிட்டர் சொட்டான் என்றால் இரண்டு மணி நேரம். மேட்டில் காலை ஒரு மணி நேரம், மாலை ஒரு மணி நேரம். பள்ளத்தில் ஒருநாள் விட்டு ஒருநாள் நான்கு மணி நேரம். அங்கே தண்ணீர் மண்ணுக்கு மேலே தேங்கினால் 4 லிட்டர் சொட்டானுக்கு மாற்றி நேரத்தை இரட்டிப்பாக்குங்கள். சரளைக்கு இரண்டு பங்கு தண்ணீர் வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். மரத்தின் தேவை இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒன்றுதான். சரளை பிடித்து வைப்பது கரிசலில் பாதிகூட இருக்காது. கூடுதலாக விட்டால் வேருக்குக் கீழே போய்விடும், போட்ட யூரியாவையும் கூட்டிக்கொண்டு. இப்போது நீங்கள் மேட்டுக்காக நேரத்தைக் கூட்டியிருப்பீர்கள். பள்ளம் நனைவது அதனால்தான். மோட்டாரை நிறுத்தியதும் குழாயில் மிச்சமிருப்பதும் அங்கேதான் வடியும்.

கேள்வி: ஈரப்பத சென்சார் ஏக்கருக்கு எத்தனை வைக்க வேண்டும்? (தாராபுரம் வாசகர்)

பதில்: ஏக்கர் கணக்கே வேண்டாம். ஒவ்வொரு மண்ணுக்கும் ஓர் இடம், அங்கே இரண்டு ஆழம்: 30 செ.மீ., 60 செ.மீ. கீழே உள்ளது எப்போதும் ஈரம் காட்டினால் நேரத்தைக் குறையுங்கள். வயரை பிவிசி குழாய்க்குள் விட்டுப் புதையுங்கள்; எலி சும்மா விடாது.